பின்னலைப் பிடித்தவன்

அன்பு மகளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது.

கடிதத்தைப் பிரித்ததும் உன் எழுத்துக்கு முன்னால் நீ மடித்து வைத்திருந்த முடிதான் என் கண்ணில் பட்டது. ஒற்றை இழை, நுனி மூன்றாகப் பிரிந்து விளக்குமாறு மாதிரி நின்றது. சோற்றில் முடி கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறவள் இப்போது கடிதத்திலேயே வைத்து அனுப்புகிறாளே என்று அம்மா திட்டினாள், பிறகு அவளே வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். இடது கையால்தான். அங்கே முடியைத் தவிர எல்லாம் நலம் என்று எழுதியிருந்தாய், இங்கே அம்மாவின் வலது கையைத் தவிர எல்லாம் நலம். கை விஷயத்தை எழுதாதே, முடிக்கு என்ன செய்வது என்று மட்டும் எழுதி உறையை ஒட்டு என்றுதான் அம்மா சொன்னாள். ஆனால் உன் நாத்தனார், அம்மா சாகக் கிடக்கிறாள் என்று உன் பழைய கம்பெனிப் பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அது உன் காதில் விழுந்தால் நீ கையில் கிடைத்த பையோடு பஸ் ஏறிவிடுவாய். பஸ் நிலையத்து வாசலில் உன் புருஷன் நிற்கிறான் அக்கா, தினமும் நிற்கிறான். அம்மா சாகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்து கோணல் என்கிறாள், அவனை மாமா என்று மரியாதையாக எழுது என்கிறாள். எனக்குக் கை வரவில்லை. யார் என்ன சொன்னாலும் நீ வராதே, அதை அம்மாவே இரண்டு முறை எழுதச் சொல்கிறாள். வராதே.

கை ஒடிந்தது இப்படித்தான். நான் வேலைக்குப் போயிருந்தபோது அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான். கதவை உதைத்ததில் மேல்கீல் பிடுங்கிக்கொண்டது. உன் அலமாரியைக் கவிழ்த்து, உன் பழைய துணிகளை எல்லாம் கிழித்து, குடிதண்ணீர்ப் பானையை எட்டி உதைத்துவிட்டு, அவ எங்க இருக்கா என்று கேட்டுக் கேட்டு அம்மாவின் மணிக்கட்டைத் துணி பிழிகிற மாதிரி முறுக்கியிருக்கிறான். எலும்பு முறிந்த சத்தம் தனக்கே கேட்டது என்றாள் அம்மா. அப்போதும் உன் ஊரைச் சொல்லவில்லை. நான் வந்து பார்த்தபோது ஈரத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள், கை முழங்கை வரை வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டவர் எப்படி ஆச்சு என்று கேட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வழக்கம்போல வாய் திறக்கவில்லை. நாம் ஸ்டேஷன், கோர்ட்டு என்று ஏறினால் அவன் இன்னும் வெறி பிடித்து வருவான், எனக்கும் நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆக வேண்டாமா என்பது அம்மாவின் கணக்கு.

இப்போது முடிக்கு வருகிறேன், வராவிட்டால் அம்மா விடமாட்டாள். வெடித்த நுனி திரும்ப ஒட்டாது. எந்த எண்ணெயும் எந்தக் கிரீமும் அதைப் பளபளப்பாகக் காட்டும், அவ்வளவுதான். வெடிப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்து வெட்டிவிடு, இல்லாவிட்டால் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும். நல்ல கத்தரியால் வெட்டு, காய்கறிக் கத்தியால் அறுக்காதே, மழுங்கிய வாய் பட்டால் அங்கேயே புதிதாகப் பிளக்கும். விரலால் நுனியைப் பிரித்து இழுக்கிற பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, விட்டுவிடு. ஈரத் தலையைச் சீவாதே, துண்டால் அடித்து உதறாதே, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடு. உங்கள் விடுதித் தண்ணீர் உப்பு என்கிறாய், கடைசிக் குவளைக்காவது நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி அலசு. ஷாம்பு மண்டைக்கு மட்டும் போதும், வழிகிற நுரையே நுனிக்கு அதிகம். குளிப்பதற்கு முன்னால் நுனியில் நாலு சொட்டு எண்ணெய் தடவு. வேலையிடத்தில் இறுக்கி ரப்பர் பேண்ட் போடாதே, தளரப் பின்னித் துணியால் கட்டு. ஒழுங்காகச் சாப்பிட்டாலே பாதி சரியாகிவிடும் என்று அம்மா சேர்க்கச் சொல்கிறாள், அம்மாவுக்கு எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து.

அம்மா கை ஒடிந்து நாலு நாள் கழித்து, இதே வேலையைத்தான் பார்லரில் செய்துகொண்டிருந்தேன். தையல்கடை அம்மாவுக்கு முடியைச் சிறு சிறு கற்றையாக முறுக்கி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெடித்த நுனிகளை மட்டும் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாதித் தலை முடிந்திருந்தது. ஆம்பளைங்க உள்ள வரக்கூடாது என்று ஓனர் அக்கா சொல்வது கேட்டது. அவன் அவரைத் தள்ளிய வேகத்தில் சாயக் கிண்ணம் எகிறிச் சுவரெல்லாம் தெறித்தது. நான் திரும்புவதற்குள் என் பின்னல் அவன் கையில். பின்னலை இரண்டு சுற்றுச் சுற்றி முஷ்டியைப் பிடரியோடு வைத்து அழுத்தினான். கண்ணாடியில் அவன் முகமும் என் முகமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன.

“ஊமைக்கோட்டான், உனக்குத் தெரியும். அவ எங்கடி?”

நான் சொல்லவில்லை. என் நெற்றியைக் கண்ணாடியில் மோதினான். மறுபடியும் கேட்டான், மறுபடியும் மோதினான், கண்ணாடியில் விரிசல் ஓடியது, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கத்தரி என் கையில்தான் இருந்தது அக்கா. அவன் தொடையில் குத்தலாம் என்று நினைத்தேன், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் கை பின்னால் போய்ப் பின்னலைத்தான் தேடியது. முடி வெட்டும் கத்தரி பின்னலை ஒரே வெட்டில் வெட்டாது, நழுவும். கறக் கறக்கென்று கடித்துக் கடித்துத்தான் போனது. அவன் இன்னும் பலமாக இழுத்தான், இழுக்க இழுக்க முடி விறைத்துக் கத்தரிக்கு வசதியாகிவிட்டது. கடைசி இழை அறுந்ததும் பின்னலோடு மல்லாக்கப் போய்த் தலை அலசும் தொட்டியின் விளிம்பில் விழுந்தான், காது கிழிந்தது. தையல்கடை அம்மா தலை நிறையக் கிளிப்போடு எழுந்து போய் அவன் விரல்களைச் செருப்புக்காலால் மிதித்தார்.

“எந்தக் கையாலடா புடிச்ச? இதுவா, அதுவா?”

அவன் உதறிக்கொண்டு எழுந்தான். பின்னலை என் முகத்தில் எறிந்தான். உங்க ஆத்தாளுக்கு இன்னொரு கை மிச்சமிருக்கு, ஞாயித்துக்கிழமை வர்றேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் இருந்த நாற்காலியை உடைத்துப் போட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தன் கைக்கு அழாததை எல்லாம் என் முடிக்குச் சேர்த்து அழுதாள். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது, ஆறிவிடும். இப்போது கழுத்துக்குக் காற்று படுகிறது, புதிதாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடலாம் என்று அம்மா சொல்கிறாள். நீ தைரியமாக இரு, வேளைக்குச் சாப்பிடு, தனியாக எங்கும் போகாதே, நூறு வயசு நல்லபடியாக இரு என்று சொல்கிறாள். நுனியை மறக்காமல் வெட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா (இடது கையால் போட்டது, கிறுக்கல் என்று சிரிக்காதே)

அம்மா கையெழுத்துப் போட்டதும் நான் எழுந்து செருப்பை மாட்டினேன். எங்கடி என்றாள். ஸ்டேஷனுக்கு என்றேன். வேண்டாம் என்று முந்தானையைப் பிடித்தாள், விடுவித்துக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவர், உங்கம்மா பாத்ரூமில் விழுந்ததாகத்தானே ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது என்றார். எதிரில் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து, அவன் எங்கள் வீட்டுக் கதவை உதைத்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன்.