டெலீட் கீ மேல் ஒட்டிய பொட்டு

போன இடத்திலும் முதலில் லைட்டைத்தான் சரிபார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்த என் பிரிய மச்சான் குமரனுக்கு,

நம் ஸ்டுடியோவுக்குப் புது கம்ப்யூட்டர் வந்துவிட்டது. படங்களை அடுக்கி வைக்கும் சாஃப்ட்வேரும் புதுசு. உனக்கு முதலில் சொல்ல வேண்டிய சேதி, நீ ஜெயித்துவிட்டாய். இப்போது எந்தப் பக்கத்தில் டெலீட் அமுக்கினாலும் ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது.

பழையது ஞாபகம் இருக்கிறதா? ஆல்பம் பக்கத்தில் டெலீட் அமுக்கினால் படம் ஆல்பத்தை விட்டு மட்டும் போகும், கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும். ஃபோல்டர் பக்கத்தில் அதே கீயை அமுக்கினால் படமே போய்விடும். ஒரு வளைகாப்புப் படமெல்லாம் அப்படிப் போனபோது நீ சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாடா மச்சான் இது? ஒரே கீ, இங்க ஒரு வேலை, அங்க ஒரு வேலை செஞ்சிகினு கீது. பெரிய பேஜாரா போச்சு!"

"நாமதான்டா பழகிக்கணும்" என்றேன்.

"பழகிக்கிறதுக்கா காசு குடுத்து வாங்கினோம்?"

மறுநாள் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டைக் கொண்டுவந்து டெலீட் கீ மேல் ஒட்டினாய். சிவப்பைப் பார்த்தால் கை நிற்குமாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பட்டுக் கடைகளுக்குப் புடவைப் படம் எடுக்கும்போது படத்தில் ஜரிகை வெளுத்துவிடாமல் லைட்டைச் சரிபார்க்க, முதலில் நீதான் முந்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாய். "ஜல்தி எடுடா, யாராச்சும் வந்துடப் போறாங்க!" லைட் சரியானதும் ஓடிப்போய் அந்தப் படங்களை நீயே அழிப்பாய். உன் மானம் உனக்கு.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த வாரத்தில் உன் மனைவி செல்வி ஸ்டுடியோவுக்கு வந்தாள். கையில் உங்கள் கல்யாணப் படம். அதில் நீ மீசை கூடச் சரியாக முளைக்காத பையன்.

"பதினாறாம் நாளுக்கு மாட்டணுங்கண்ணா. ஆனா இது அவரு இல்ல. பசங்க பாத்துகினு இருந்த மூஞ்சி வேணும்."

ஆல்பம் முழுக்கத் தேடினேன். ஊரே இருந்தது, நீ இல்லை. செத்துப்போனவன் மேல் கோபம் வருமா? எனக்கு வந்தது. கடைசியில், எதற்கும் பார்ப்போமே என்று ஃபோல்டரைத் திறந்தேன்.

திரை நிறைய நீதான்! அரக்கு முந்தி, கிளிப்பச்சை முந்தி, மாம்பழ மஞ்சள் முந்தி. எல்லாவற்றிலும் அதே அசட்டுச் சிரிப்பு. ஃபோல்டர் பக்கத்தில் கை வைக்கப் பயந்து, எல்லாவற்றையும் ஆல்பம் பக்கத்திலிருந்தே அழித்திருக்கிறாய். பயம்தானா மச்சான், இல்லை இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாயா?

செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "புடவையை வெட்டிட்டு மூஞ்சிய மட்டும் போட்டுத் தரேன் தங்கச்சி" என்றேன்.

"வேணாங்கண்ணா, அந்த அரக்கு அப்படியே இருக்கட்டும். தீபாவளிக்கு அதேதான் எடுத்துத் தர்றேன்னு சொல்லிகினு இருந்தாரு."

அப்போதுதான் அவள் கண் கீபோர்டின் மேல் விழுந்தது. "அட, என் பொட்டு! அட்டையில ஒண்ணு குறையுதேன்னு உங்க மாப்பிள்ளைகிட்ட அன்னிக்கு அவ்ளோ சண்டை போட்டனே!" என்று அதைத் தொட்டுப் பார்த்தாள்.

உன் வீட்டுக் கூடத்தில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள்கூட ஒரு நொடி சிரித்துவிடுகிறார்கள்.

புது சாஃப்ட்வேர் நீ கேட்ட மாதிரியே இருக்கிறது. எங்கே அழித்தாலும் அழிந்துவிடுகிறது. இது அப்போதே வந்திருந்தால், நாங்கள் உன்னை எங்கே போய்த் தேடியிருப்போம்?

புது கம்ப்யூட்டரோடு புது கீபோர்டும் கொடுத்தார்கள். அதைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிட்டேன். பழையது தேயும்வரை இருக்கட்டும். தேய்ந்தாலும் அந்தப் பொட்டை நான் எடுக்க மாட்டேன், உன் படங்களில் ஒன்றையும் அழிக்க மாட்டேன்.

உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் ஸ்தானத்தில் நிற்கும்,
உன் மச்சான் சேகர்
ஆரணி