முன்னே தள்ளும் லீவர்

வியாழன், இரவு

தூக்கம் வரவில்லை. மட்டக்களப்பில் விமானத்தை இறக்கும்போது, வாவிக்கு மேலே வந்ததும் நான் புரொப்பெல்லர் லீவரை முழுதாக முன்னே தள்ள வேண்டும். எங்கள் விமானத்துக்கு ஒரே எஞ்சின். இறங்க முடியாமல் திரும்ப ஏற வேண்டி வந்தால், லீவர் முன்னே இருந்தால்தான் முழுப் பலமும் கிடைக்கும். தள்ளியதும் சத்தம் சட்டென்று உயரும். வாவிக்கரை வீட்டில் அம்மா அதைக் கேட்டுத்தான் எனக்கு உலை வைப்பார்.

இன்று போனபோது அடுப்பு எரியவில்லை.

"என்ன மகன், இண்டைக்கு வேற பக்கத்தாலயா வந்த? உன்ட சத்தம் கேக்கல்லயே."

"காத்து அங்கால அடிச்சிருக்கும்மா."

காற்று நேற்றுப் போலத்தான் அடித்தது.

செக்லிஸ்ட் வாசிக்கையில் "லீவர் முன்னே" என்று நான்தான் சொன்னேன். பக்கத்தில் கப்டன் தலையாட்டினார். வாய் சொன்னது நினைவிருக்கிறது. கை போனதா என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நல்லவேளை, ஓடுபாதையில் இன்று மாடு எதுவும் நிற்கவில்லை. நின்றிருந்தால்?

விடிந்ததும் கப்டனிடம் சொல்லத்தான் வேண்டும். தள்ளவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்பார். அம்மா சோறு ஆக்கியிருக்கவில்லை என்றா சொல்வது?