போயிட்டார் என்று எழுதியது

ஜூன் 9, திங்கள்
பேத்தி இன்று 'பழம்' என்று சொன்னாள். காது மிஷின் போட்ட பிள்ளைகளில் 'ழ' வந்தது இவளுக்குத்தான் முதலில் என்று பெரிய டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். பின்னே, யார் பேத்தி!

இவளைக் கொண்டுவிட வந்த நான், பள்ளிக்கு உதவுகிறவர்களுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து ஆறு வருடம். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் என் கடிதத்துக்குப் பதில் வராமல் இருந்ததில்லை. யாருக்கு முட்டிவலி, யார் மகளுக்கு வரன் தள்ளிப்போகிறது, எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. இப்போது டைப் அடிக்கிற பெண் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள்.

ஜூன் 12, வியாழன்
கடிகாரக்கடை அண்ணனின் மகள் போனில் கத்தினாள். "தங்கள் தந்தையின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று பள்ளியிலிருந்து கடிதம் போயிருக்கிறது. பிரித்துப் படித்தவர் அண்ணனே! கடைக்குச் சரக்கு எடுக்கும்போதெல்லாம் நம் பிள்ளைகளின் மிஷினுக்கும் பேட்டரி வரவழைத்துக் கொடுத்த மனுஷன்.

"எங்கப்பா உயிரோட உட்கார்ந்து படிக்கிறாரு. இனிமே இந்தப் பக்கம் எழுதாதீங்க."

டைப் பெண் அழுதாள். "நோட்டுல அப்படித்தான் இருந்துச்சு பாட்டி."

"நான் ஏன்டி அப்படி எழுதப்போறேன்? கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடு" என்றேன். நோட்டைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 13
பார்த்தேன். என் கையெழுத்துதான். "கடிகார அண்ணன் போயிட்டார். இனி மகள் விலாசத்துக்கு எழுதவும்."

கால் முடியாமல் கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போனார் — அதைத்தானே எழுதினேன்? படிக்கிறவளுக்கு அது எப்படித் தெரியும்?

ஜூன் 16, திங்கள்
டைப் பெண்ணை மாதக் கடைசியோடு நிற்கச் சொல்லிவிட்டார் பெரிய டீச்சர். நான் வாய் திறக்கவில்லை. அஞ்சாங்கிளாஸ் கிழவிக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேட்டுட்டா? கேக்கட்டுமே. இல்ல... கேக்கக் கூடாது.

ஜூன் 20
பேட்டரி ஓர் அட்டைதான் மிச்சம். பாட நேரத்துக்கு மட்டும் மிஷின் போடச் சொல்கிறார்கள். சாயங்காலம் பேத்தியைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன். முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு
போனேன். அண்ணனின் மகள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"யாரு, துக்கம் விசாரிக்க வந்தவங்களா? உள்ள விடும்மா" என்று அண்ணன் குரல்.

நோட்டை நீட்டினேன். "எழுதினது நான்தான் அண்ணே. அந்தப் பொண்ணு மேல பழியைப் போட்டுட்டேன்."

கடிகாரம் பிரிக்கும்போது கண்ணில் வைக்கிற கண்ணாடி இன்னும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதை இடுக்கிக்கொண்டு அந்த ஒரு வரியை வெகுநேரம் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"சரியாத்தாம்மா எழுதியிருக்கே. கடையைப் பூட்டின அன்னிக்கே நான் போயிட்டேன்."

பேட்டரியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தேன்.

ஜூன் 23
பெரிய டீச்சரிடம் நோட்டைக் கொடுத்தேன். டைப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. கடிதமெல்லாம் இனி அவள்தான். என்னோடு பேசுவதில்லை. நியாயம்.

ஜூலை 8
ஒரு பொட்டலம். பத்து அட்டை பேட்டரி. கடையின் பழைய ரசீது ஒன்றின் பின்பக்கம், நடுங்குகிற எழுத்தில்: "இன்னும் போகவில்லை."

செப்டம்பர் 18, வியாழன்
டைப் பெண் நோட்டோடு வந்து நின்றாள். இத்தனை நாள் கழித்து முதல் பேச்சு.

"கடிகாரத் தாத்தாவோட மக போன் பண்ணாங்க பாட்டி. நேத்து ராத்திரி, தூக்கத்துலயே..." பேனாவை நீட்டினாள். "நீங்களே எழுதுங்க."

வாங்கி நோட்டைப் பிரித்தேன். என்ன சொல் போடுவது?

"காலமானார்னு எழுதணும்" என்றாள்.

எங்கள் ஐந்தாம் வகுப்பில் அந்தச் சொல் வரவில்லை. எந்த 'ல' என்று அவளிடம் கேட்டேன். சொன்னாள்.

கடிகார அண்ணன் காலமானார். இனி மகள் விலாசத்துக்கு எழுதவும்.