லா சொலேரா பூங்காவின் அறுபத்திரண்டாவது பறவை

அனுப்புநர்
எர்சிலியா போவெதா,
சோள அடைக் கடை, பூங்காவின் கிழக்கு வாசல்,
லா சொலேரா, கொலம்பியா.

பெறுநர்
பூங்கா அலுவலர் அவர்கள்,
நகராட்சி, லா சொலேரா.

பொருள்: முறிந்த குவாமோ மரத்தை வெட்டாதிருக்கவும், அதன் மேலுள்ள பறவையைப் பட்டியலில் சேர்க்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. மே 11, சனிக்கிழமை, குடும்பப் பறவை எண்ணும் நாள். காலை ஆறரை மணிக்கு மேற்படி மரத்தடியில் இருந்தவர்கள்: நான், என் பேத்தி சராய், வயது ஐந்து, என் தங்கை ஒலிவா, ஒலிவாவின் மருமகனும் எங்கள் குழுத் தலைவருமான எரிபெர்த்தோ. தொலைநோக்கி ஒன்றுதான், அது எரிபெர்த்தோவின் கழுத்தில். நானும் அங்கே இருந்தேன் என்று பிறகு வந்து சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

2. அந்த மரத்துக்கு எதிரே முப்பத்தொரு வருடமாக அடை சுடுகிறேன். 2009-இல் இடி விழுந்து முறிந்தபோது அதன் தலையில் மூன்று முனைகள் மிஞ்சின. இந்த ஏப்ரல் 3-ஆம் தேதி காலை நான்கு இருந்தன. செத்த மரத்தில் கிளை முளைக்காது. நான்காவது முனை, நாங்கள் பியென்பராதோ என்று அழைக்கும் பறவை. பகல் முழுவதும் அலகை வானத்துக்குத் தூக்கி, கண்ணை மூடி, கட்டையோடு கட்டையாக நிற்கும். ஊருக்குத் தெரிந்தால் கல்லெறிந்து பார்ப்பார்கள் என்று ஐந்து வாரம் வாயைத் திறக்கவில்லை. எண்ணும் நாளுக்காகவே வைத்திருந்தேன்.

3. அன்று காட்டினேன். எரிபெர்த்தோ ஒரு நொடி பார்த்துவிட்டு, "பெரியம்மா, அது மொட்டக் கட்ட. கட்டையெல்லாம் எழுதினா மத்த ஊர்க்காரன் சிரிப்பான்" என்று சொல்லிப் பேனாவை மூடினார். அவர் திரும்பிய அதே நேரம் சராய் கத்தினாள்: "பாட்டி, கட்ட கண்ணத் தொறக்குது! அது வயித்துல பஞ்சு அசையுது!" பஞ்சு என்றது குஞ்சை. எரிபெர்த்தோ மறுபடி பார்ப்பதற்குள் தாய் கண்ணை மூடிவிட்டது.

4. பெரியவர்கள் இருவர் பார்த்திருந்தால்தான் எழுதலாம் என்பது விதி. சுவரொட்டியில் "குடும்பத்தோடு வாருங்கள்" என்று போட்டுவிட்டுக் குழந்தையின் கண்ணைக் கணக்கில் எடுக்காதது என்ன நியாயம் என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே எரிபெர்த்தோ ஒலிவாவிடம், "அத்தை, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். ஒலிவா, "என் கண்ணு முன்ன மாதிரி இல்லப்பா" என்றாள். அந்தப் பறவை கண் திறந்தபோது அவள் என் கையைப் பிடித்த நகக்குறி ஞாயிற்றுக்கிழமை வரை இருந்தது. அவள் இன்றும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிறாள். மருமகனின் முகம் வாடக்கூடாதாம்.

5. பட்டியல் அறுபத்தொன்றில் நின்றது. சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தப் பூங்காவும் ஐம்பதைத் தொட்டதில்லை. அந்தப் பெருமை எங்களுடையது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையான எண்ணிக்கை அறுபத்திரண்டு. இதற்கிடையே, அந்தக் கட்டை யார் தலையிலாவது விழும் என்று எரிபெர்த்தோ தங்களுக்கு எழுதியதால், 20-ஆம் தேதி வெட்ட ஆணையாகியிருக்கிறது. குஞ்சுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை.

6. எனவே தாங்களே ஒருநாள் மாலை ஐந்தரைக்கு வந்து என் முக்காலியில் உட்கார வேண்டுகிறேன். அடையும் சூடான சாக்லேட்டும் தருவேன். முனைகளை எண்ணுங்கள். மூன்று இருந்தால் வெட்டுங்கள், கோடாரியை நானே எடுத்துத் தருகிறேன். நான்கு இருந்தால், குஞ்சு பறக்கும்வரை மரத்தை விட்டுவிட்டு, வாசல் பலகையில் அறுபத்திரண்டு என்று எழுதுங்கள். பார்த்தவர் பெயர் கேட்டால் சராய் என்று போடுங்கள். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன், ஆனாலும் அந்தப் பெயரைப் பலகையில் தினமும் வாசிப்பேன்.

இடம்: லா சொலேரா
நாள்: 15 மே 2024

முதல் சாட்சி: எர்சிலியா போவெதா
இரண்டாம் சாட்சி: ........................

மேலே காலியாக விட்ட இடம் என் தங்கைக்கு. அவள் கையெழுத்திட்டால் பறவைக்கு நல்லது. கட்டை என்று சொன்ன எரிபெர்த்தோவை மன்னித்துவிட்டேன், அவர் பார்க்கவில்லை. பார்த்தவள் ஒலிவா போவெதா. அவளை மன்னிக்க மாட்டேன்.