பிளைமவுத்தில் பாடிய ரேடியோ

திருத்தங்கல்,
14.10.2005

அன்பு மகன் மணிகண்டராஜுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் ஸ்ரீமதியும் அந்தக் குளிர் ஊரில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நம் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, ஆனால் அப்படி எழுதவே எனக்குக் கூசுகிறது. போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் வாய் தடித்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வரி விடாமல் படி.

முந்தாநாள் நீ பேசியபோது நம் பட்டாசுக் கம்பெனியில் தீ விபத்து என்று உன் அப்பா சொன்னார். நீ முதலில் என்ன கேட்டாய்? "பிளைமவுத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" சீட் பாழாகிவிட்டது, நீ அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ரேடியோவை டிரைவர் ஊர்க்காவலன் பிய்த்துவிட்டான் என்று தெரிந்ததும், "ஊர்க்காவலனை மொதல்ல வேலைய விட்டு நிறுத்துங்க" என்றாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கு அடிபட்டது என்று கடைசிவரை நீ கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

அன்றைக்கு அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போயிருந்ததால் வெம்பக்கோட்டை ரோட்டுக் கம்பெனியில் நான்தான் இருந்தேன். தீபாவளி சீசன், லோடு லாரிகளும் வெளியே போய்விட்டன. உன் தாத்தா வாங்கிய பிளைமவுத் கார் மட்டும் ஷெட்டில் நின்றது. சென்னையில் பழைய கார்கள் ஊர்வலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று நீ பாலீஷ் போடச் சொல்லி, வெள்ளைச் சீட் தைக்கச் சொல்லி, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்திருந்தாயே, அந்தக் கோலத்தில். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னே வெடிமருந்து அறையில் வெடித்துவிட்டது. அங்கே வேலை பார்த்த மூக்கம்மாள் வெளியே ஓடிவந்து வேப்பமரத்தடியில் விழுந்தாள். கையும் கழுத்தும் வெந்துபோயிருந்தன. ஊர்க்காவலன் தன் வேட்டியை நனைத்து அவள்மேல் போர்த்தி, பின்சீட்டில் நீளமாகப் படுக்கவைத்துச் சாவியைத் திருப்பினான். வண்டியில் சத்தமே இல்லை.

ஏன் தெரியுமா? முதல் நாள் சாயங்காலம் அந்த ரேடியோ எப்படிப் பாடுகிறது என்று நீ போனிலேயே பாட வைத்துக் கேட்டாய். பார்த்தால் அந்தக் காலத்து ரேடியோ போலக் குமிழும் முள்ளும், உள்ளே சிடி போடுகிற புதுச் சாமான். சாவி இல்லாமலே பாட வேண்டும் என்று மெக்கானிக் நாகையாவிடம் சொல்லி அப்படி மாட்ட வைத்ததும் நீதான். நீ கேட்டு முடித்ததும் லோடு வந்ததென்று எல்லோரும் ஓடினார்கள். அணைக்க மறந்தது ஊர்க்காவலன்தான், இல்லையென்று சொல்லவில்லை. பேட்டரி தீரும்வரை அது ஷெட்டில் தனியாகப் பாடிக்கொண்டு கிடந்திருக்கிறது.

போர்மேன் முத்துக்கருப்பன் "ஏலே, எல்லாரும் வந்து தள்ளுங்கலே" என்று கத்தினார். பெண்களும் தள்ளினார்கள். மூக்கம்மாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உள்ளே இருந்தேன். கேட்டைத் தாண்டித்தான் இஞ்சின் பிடித்தது. பிடித்துக் கரண்ட் வந்ததும் உன் ரேடியோ விட்ட இடத்திலிருந்து ஏதோ குத்துப்பாட்டை முழுச் சத்தத்தில் ஆரம்பித்தது. மூக்கம்மாள் "அம்மா, அத நிப்பாட்டச் சொல்லுங்கம்மா, தாங்க முடியல" என்று அனத்தினாள். ஊர்க்காவலன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒவ்வொரு குமிழாகத் திருகினான். "எதத் திருகுனாலும் நிக்க மாட்டேங்குதும்மா" என்று அழுதான். நாற்பது வயசு ஆண்பிள்ளை அழுதான். பிறகு அதை அப்படியே பிடித்து இழுத்தான். பலகையோடு பிய்ந்து வந்தது. நான்தான் வாங்கி ஜன்னல் வழியாக வீசினேன். அதையும் கேட்டுக்கொள், வீசியது உன் அம்மா.

மூக்கம்மாள் பிழைத்துக்கொள்வாள் என்கிறார்கள். வலது கைவிரல்கள் தேறுமா என்று தெரியவில்லை. வண்டி தள்ளிய நேரம் மிச்சமாகியிருந்தால் தேறியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவள் மகள் முத்துப்பேச்சி என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சீசன் என்று அந்த அறையில் கூடுதல் ஆளை உட்காரவைத்ததற்கு உன் அப்பாவிடமும் சண்டை போட்டுவிட்டேன், அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

ஊர்க்காவலன் வேலையில்தான் இருப்பான். பிளைமவுத் சென்னைக்குப் போகாது. முத்துப்பேச்சியை அவள் அம்மா இருக்கும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்வர அதைத்தான் விட்டிருக்கிறேன். சீட்டில் கறை இருக்கிறது, இருக்கட்டும். அதற்காக யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

ஸ்ரீமதியைச் சத்தம் போடாதே, இதில் அவளுக்குச் சம்பந்தமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. எவ்வளவு கோபம் இருந்தாலும் பெற்றவள் வாயில் சாபம் வராது, இருக்கன்குடி மாரியம்மன் உங்கள் இருவருக்கும் துணை இருப்பாள். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்யாதே, ஊர்க்காவலனுக்குச் செய். நீ திட்டுவாய் என்ற பயத்தில் அவன் எடுக்க மாட்டான். மறுபடியும் செய்.

இப்படிக்கு,
உன் அம்மா
லட்சுமிகாந்தம்