சீனாவுக்காக நீங்கள் கதைச்ச பின்னேரம்

என்ரை அன்பான அப்பா,

நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள் வருகுது. வாற சனத்துக்குக் குடுக்கிற உங்கடை நினைவுக் கல்வெட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகவேணும். பிரெடெரிசியா நகரத்திலையிருந்து அண்ணை நாளுக்கு ரண்டுதரம் போன் எடுக்கிறார், அப்பாவைப் பற்றி நல்லதா நாலு பக்கம் எழுது எண்டு.

நல்லது எழுத எனக்கென்ன கஷ்டம்? ஊரிலை எங்கடை சாதிக்குப் பூட்டின கோயில் கதவைத் திறக்கச் சொல்லி எங்கடை சனத்தோடை போய் அடிவாங்கின மனுசன் நீங்கள். உடைஞ்ச கை கடைசிவரைக்கும் நிமிரேல்லை. அண்டைக்கு உங்களோடை நிண்டது சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் தோழர்மார்தான். அந்த நன்றி எனக்கு விளங்கும்.

ஆனால் தீரியை என்ன செய்ய? இஞ்சை கிரின்ஸ்டெட் ஊர்த் தொழிற்சாலையிலை எனக்குப் பக்கத்திலை நிண்டு வேலை செய்யிற பர்மாக்காரி. அங்கை ஆமி ஆட்சியைப் பிடிக்க, சனம் எழும்பினது. அவளின்ரை தம்பியும் ரோட்டிலை நிண்டவன். பக்கத்திலை இருந்த உங்கடை சீனக் கம்யூனிஸ்ட் அரசாங்கம் அதை உள்வீட்டுப் பிரச்சினை எண்டுது. ஐநாவிலை கண்டனத்தை இளக்கிச்சுது. பிறகு ஜெனரல்மாரோடை கைகுலுக்கிச்சுது.

சீனத் தூதரகத்துக்கு மனு எழுதி, கையெழுத்துக் கேட்டு அவள் எங்கடை வீட்டுக்கு வந்தாள். "உங்கடை பெடியளை அமெரிக்காதான் தூண்டிவிடுது எண்டு சொல்லு பிள்ளை" எண்டியள். நீங்கள் தமிழிலை சொல்ல, நான் வாய் கூசாமல் டேனிஷிலை சொன்னன். அவள் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்பிப் போனாள். ரண்டு கிழமையிலை தம்பியைச் சுட்டுப்போட்டாங்கள்.

முள்ளிவாய்க்காலிலை எங்கடை சனம் சாகேக்கையும் சீனா உள்வீட்டுப் பிரச்சினை எண்டுதானே சொன்னது? அப்ப நீங்கள் சாப்பிடாமல் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தியள். தீரிக்கு மட்டும் ஏன் அப்பா வேறை நியாயம்?

தீரியிட்டை மன்னிப்புக் கேளுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னன். "ஓம், பாப்பம்" எண்டியள். பாப்பம் பாப்பம் எண்டே போயிட்டியள்.

இதை வாசிச்சுக் காட்ட அண்ணை கத்தினார். "செத்தவரைக் கல்வெட்டிலை ஆரும் குறை சொல்லுறதே? விசரே உனக்கு?" வழக்கம் எண்டதுக்காக ஒண்டையும் ஏற்காத மனுசனுக்குத்தான் எழுதுறன் எண்டு போனை வைச்சிட்டன். இது அச்சிலை வரும்.

உங்களுக்காக நான் மன்னிப்புக் கேக்கமாட்டன். அது நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை. என்ரை வாயாலை வந்ததுக்கு நான் கேப்பன். சனிக்கிழமை கோபன்ஹேகனுக்குக் காரிலை போய், சீனத் தூதரகத்துக்கு முன்னாலை தீரியோடை நிப்பன். நீ ஆற்றை மகள் எண்டு அங்கை ஆரும் கேட்டால், உங்கடை பேரைத்தான் சொல்லுவன்.

உங்களிலை கோவம் ஆறாத மகள்,
வசந்தி