அப்பாவுக்குப் பக்கத்து இடம்

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் பூசை முடிந்ததும் நானும் தம்பி அருளும் மர்பி டவுனுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்தோடு வந்து இங்கே குடியேறிய பூட்டன் முதல் அப்பா வரைக்கும் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். கேட்டில் புதுப் பலகை. பாதுகாக்கப்பட்ட பாரம்பரிய இடமாம். அருள் பெருமையாகப் போட்டோ எடுத்தான்.

உள்ளே ஓர் அதிகாரி கல்லறைகளை அளந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர். "இனிமே யாரும் இதை இடிக்க முடியாது மேடம்" என்று கன்னடத்தில் சொன்னார். அப்பாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை அருள் காட்டினான்.

"இது எங்க அம்மாவுக்கு சார்."

அவர் தயங்கினார். "இங்கே இனிமே மண்ணைத் தோண்டவே கூடாது. புதுசா யாரையும் வைக்க முடியாது."

வீட்டில் சொல்லாதே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அருளுக்குப் பொய் வராது. அம்மா படுத்தபடியே, "என் இடத்துல புல்லு மண்டிக் கிடக்கா?" என்று கேட்டதும், "அங்க உன்னை வைக்க விடமாட்டாங்களாம்மா" என்று உடைந்துவிட்டான்.

அம்மா அழவில்லை.

"சரி விடுடா. நான் போற இடத்துக்கு அவரை எடுத்துட்டு வந்துடுங்க."

"அங்க தோண்டவே..." என்று அருள் வாயெடுத்தான். நான் அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரிம்மா" என்றேன்.

அம்மா நிம்மதியாகத் தூங்குகிறாள். அருள் இன்னும் சாப்பிடவில்லை.